யாரிடம் சரணடைந்தீர்கள்?

...சூப் கொடுத்தார்களாம், சுடச்சுடச் சூப், அதுதான் இடிக்கிறது, துவக்கைக் கீழே போட்டவனுக்கு எந்த ஊரில் சூப் கொடுத்திருக்கிறார்கள், கிழவர் பெருமைக்குச் சொல்லியிருப்பாரோ, தொண்ணூறை நெருங்கும் வயதில் யார் திருப்பிக் கேட்கப்போகிறார்கள்... சத்தியபாமா, தான் பார்த்துக்கொள்ளும் கிழவரின் வீட்டில் உருளைக்கிழங்கைச் சீவியபடியே மேசையில் கிடந்த கைப்பேசியைப் பார்த்தாள். இன்னும் மிஸ்ட்கோல் வரவில்லை. வரும். சண்டை முடிந்து சனத்தை அடைத்த செட்டிகுளம் முகாமில் ஒளித்து வைத்திருக்கும் போனிலிருந்து தம்பி அருட்செல்வம் ஒரு மணி அடித்துவிட்டு வைப்பான், இவள் போன் கார்ட் போட்டுத் திருப்பி எடுக்க வேண்டும், எடுத்ததும் பதில் சொல்ல வேண்டும். அங்கே ஆமி ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களாம், இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவனும் வந்து பதியட்டும், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று. அவன் இருந்தது ஒரு மாதம், அதுவும் பிடித்துக்கொண்டு போய் பங்கர் வெட்ட விட்ட மாதம். பதிவதா, சனத்தோடு சனமாக இருந்துவிடுவதா? "நீ சொல்லக்கா, நீ சொன்னா நான் செய்யிறன்." ஏன் என்னைக் கேட்டான்? நோர்வேயில் இருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்றா, சமாதானம் பேச வந்த நாடல்லவா, இங்கே குழாயைத் திறந்தால் நியாயம் கொட்டும் என்று நினைத்தானா...

காலையில் புருசன் இரவீந்திரன் சப்பாத்து மாட்டும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "பதியச் சொல்லப்பா. உலகமே பாத்துக்கொண்டு நிக்குது, ஒண்டும் செய்யமாட்டாங்கள்." பார்த்துக்கொண்டு நின்ற உலகம் சண்டை முடிந்த மே மாதம் என்ன செய்தது? இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் கொடி பிடித்து நின்றபோது இதே மனுசன்தானே, ஒருத்தரும் பார்க்கிறார்கள் இல்லை என்று கத்தியது? ஒருவேளை அலுத்துவிட்டதோ, செல்வம் பதிந்துவிட்டால் இந்த வீட்டில் போன் அடிக்கிற நேரமெல்லாம் நெஞ்சிடி இல்லை என்று நினைக்கிறானோ... வீடு இருக்கும் பியோர்ண்டாலிலிருந்து கிழவரிடம் பஸ்ஸில் வந்த நேரம் முழுக்க இதே யோசனை. அவனைச் சந்தேகப்படுகிறாயே, உனக்கு மட்டும் அலுக்கவில்லையா? அலுக்காமலா போன கிழமை அந்தச் சூப் கதையைத் தம்பியிடம் சொன்னாய்? "இஞ்சை நான் பாக்கிற கிழவரும் சரணடைஞ்சவர்தான்ரா, முகாமிலை நல்லாப் பாத்தவங்களாம், கொஞ்ச மாசத்திலை வீட்டை அனுப்பிப்போட்டாங்களாம்."  "உண்மையாவோ அக்கா?" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி.

உண்மையா? அதைத்தான் இப்போது கேட்க வேண்டும். ஓட்வார் ஜன்னலோரக் கதிரையில் இருந்துகொண்டு, உருளைக்கிழங்கைச் சீவுகிறாயா, செதுக்குகிறாயா பாமா, இந்தத் தடிப்பில் போனால் எனக்குச் சாப்பிடத் தோல்தான் மிஞ்சும் என்றார். சிரிக்க வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போனாள். உலக யுத்தத்தில், நாற்பதாம் ஆண்டு, முகாமில் வைத்திருந்தார்களே, அடித்தார்களா, மறைக்காமல் சொல்லுங்கள். கிழவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். அடிப்பதா? ஏன் அடிக்க வேண்டும்? கூடைப்பந்து மாதிரி ஒன்று விளையாடினோம், ஒரு தாதியைக் காதலிக்கப் பார்த்தேன், அவள் பேசுகிற சுவீடிஷ் பாட்டு மாதிரி இருக்கும்...

சுவீடிஷா? ஜெர்மன்காரரோடுதானே சண்டை பிடித்தீர்கள்?

ஆமாம், ஜெர்மன்காரன் துரத்திக்கொண்டு வந்தான், வெடிமருந்து முடிந்துவிட்டது, நோர்வே எந்தப் பக்கமும் சேராத நாடு என்றிருந்தோம், அவன் வந்திறங்கிய அந்த ஒரு கிழமையோடு அது போயிற்று, எல்லையைத் தாண்டி நடந்தோம், அந்தப் பக்கம் சுவீடன் இன்னும் யாரோடும் சேரவில்லை, துவக்கை அவர்களிடம் கொடுத்தோம். பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக: ஜெர்மன்காரனிடம் கொடுத்தோம் என்றா நினைத்தாய்?

அப்படித்தான் நினைத்தாள். கேட்கவே தோன்றவில்லையே, ஏன், சுற்றிவரக் கடல் உள்ள இடத்தில் பிறந்தவளுக்குத் துவக்கைப் போட்டால் எதிரில் நிற்பவனிடம்தான் போடலாம், நடந்துபோய்ச் சேர அங்கே இன்னொரு நாடு எங்கே இருக்கிறது... ஐயோ, இதைப் போயா அவனுக்குச் சொன்னேன். பதிய வேண்டாம், ஒளிந்திரு, கூடாரத்தை விட்டு அசையாதே, இதுதான் பதில், இனி மாறக் கூடாது, கடவுளே அவன் மணி அடிக்கட்டும். ஆனால் ஒளிந்திருந்து யாராவது காட்டிக்கொடுத்தால்? அதற்கும் நான்தானே...

கைப்பேசி ஒருமுறை அடித்து நின்றது.

கார்டின் இலக்கங்களை இரண்டு முறை பிழையாக அழுத்தினாள். மூன்றாம் முறை போனது. "செல்வம், கேள், பதியாதை..."

"மச்சாள், நான் மலர்." தம்பியின் மனைவி வசந்தமலர். "அவர் விடியவே பதியப் போயிட்டார். பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள்."

"எங்கை?"

"தெரியேல்லை. விசாரிச்சிட்டு விடுவினமாம்." உடனேயே அடுத்தது: "ஒருத்தரும் போகச் சொல்லேல்லை மச்சாள். தானாத்தான் போனவர். தானாத்தான்." போன் நின்றுவிட்டது.

கிழவர் என்னவென்று கேட்கிறார், எழும்பப் பார்க்கிறார், இருங்கள் என்று கை காட்டினாள். மலர் அழவில்லை. போனைத் தொட்டாலே அழுகிறவள், இன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக, பாடம் ஒப்புவிக்கிற மாதிரி... என்னைக் காப்பாற்றவா அப்படிச் சொன்னாள், உன் கதையால் இல்லை, நீ நித்திரைகொள் என்று? அல்லது பக்கத்தில் யாராவது நின்றார்களா, அந்த ஆளின் காதுக்காகவா அந்த இரண்டாவது 'தானாத்தான்'? திரும்ப எடுத்தாள். மணி போகவில்லை. ஆர் போகச் சொன்னது என்று நான் வாயே திறக்கவில்லையே, மலர், நான் எங்கை என்றுதானே கேட்டேன்...