இரண்டு ஆள் மெஷின்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தரைப் பலகை இடுக்கு வழியாக வந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சரிகைக் கடையின் மாடியறையில் குடியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் கீழே இரண்டு குரல்கள். ஒன்று தொகைகளைப் படிக்கும். மற்றது "ஆச்சு" என்னும். என் கதைகளை நான் உரக்கப் படித்தால் சுவர்ப் பல்லிகூட ஒன்றும் சொல்வதில்லை. பொறாமையில் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், சரிகை வணிகம் இயந்திரங்களின் வருகையால்...'

(விட்டுவிட்டேன். எனக்கே தூக்கம் வந்தது.)

இரண்டாவது: கடை முதலாளி ஜினேந்திரன், மனைவியை இழந்தவர். ஊருக்கு நயினார். ஜைனர் என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். பிறகுதான் தெருவில் மற்ற வீடுகளில் சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தம். அவருக்கு மட்டும் ராத்திரி சீக்கிரமே தொடங்கிக் காலியாக நீண்டு கிடக்கும். அந்த நேரத்துக்குத்தான் கணக்கெழுதும் பூவராகவன் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். வரவு செலவை மனத்திலேயே கூட்டிப் படிப்பார். நயினார் ரசீதுச் சீட்டுகளைப் பார்த்து "ஆச்சு" என்பார். நடுநடுவே மழை, மூட்டுவலி, கோயில் யானையின் வயிற்றுக்கோளாறு.

இது இருக்கட்டும்.

(பூவராகவனைப் பெண்ணாக மாற்றியும் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே சினிமாவாகிவிட்டது. மறுபடி வேட்டி கட்டிவிட்டேன்.)

3

மெட்ராஸிலிருக்கும் மாப்பிள்ளை ஸ்ரீபாலன், மாமனாருக்குக் கணக்கு மெஷின் வாங்கித்தர நினைத்து, தாவீது என்ற விற்பனையாளரை அனுப்பினார். தாவீது இரண்டு மெஷின்களை மேசைமேல் வைத்தார். பூவராகவனும் இருந்தார். தண்ணீர் கேட்கிற சாக்கில் நானும் இறங்கிப் போனேன்.

"சார், இது புதுசு. நீங்க தட்டினா போதும், காகிதத்துல அதுவே அடிச்சிடும். ஒண்டியா உக்காந்து பாத்துக்கலாம். இன்னொரு ஆளே வேணாம்."

"இன்னொண்ணு?"

"அது பழசு சார். நம்பர் கண்ணாடியில தெரியும், அவ்ளோதான். ஒருத்தர் படிக்கணும், ஒருத்தர் கைப்பிடி சுத்தணும். அத யாரும் வாங்கறதில்ல."

"அதையே குடுப்பா" என்றார் நயினார்.

"நயினாரே, மாப்ள காசு குடுக்கும்போது நல்லதா எடுக்கறதில்லையா?" என்றார் பூவராகவன்.

"காகிதத்த எலி கடிக்கும்பா."

"பட்டு நூல் இருக்குது, அத கடிக்கலையே."

"அது பழகின எலி."

தாவீது சிரித்தார். பூவராகவன் சிரிக்கவில்லை. கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் படிப்பேன், மெஷின் சரியான்னு சொல்லும். இவ்ளோ நாளா நான் மனசுல போட்டதெல்லாம் சந்தேகத்துல இருந்துச்சா?"

எழுந்து வெளியே போய் சைக்கிளை எடுத்தார்.

4

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். 'புதுசு வந்தா நீ வராமப் போயிடுவியோன்னுதாம்பா இத எடுத்தேன்' என்ற வாக்கியத்தை நயினார் வாயில் வைத்துப் பார்த்தேன். வாசலில், படியில், தெருமுனையில். எங்கேயும் அவர் சொல்ல மறுத்துவிட்டார். நான் படைத்த ஆளாக இருந்தால் மிரட்டியிருக்கலாம். இவர் கீழ்வீட்டு ஆள், அவருக்கு நான் வாடகை வேறு தரவேண்டும்.

அவர் உண்மையில் சொன்னது:

"பின்சக்கரத்துல காத்து கம்மியா இருக்குது, பாத்துப் போ."

5

முடிவு ஒன்று: மறுநாள் பூவராகவன் வருகிறார். (பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். ஆனாலும் கதை அன்போடு திருப்பி அனுப்பப்படும்.)

முடிவு இரண்டு: வருவதில்லை. மெஷின்மேல் ஒரு துண்டு போர்த்தி

(முடியவில்லை.)

முடிவு மூன்று: மாடியிலிருப்பவன் சின்ன காஞ்சிபுரம் போய் பூவராகவனிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான். (எழுத்தாளன் கதைக்குள் நுழையக்கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். கூச்சம் என்றும் சொல்லலாம்.)

6

இன்றுதான் அந்த மறுநாள். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. நயினார் சாப்பிட்டாயிற்று. தெருவில் தட்டுச் சத்தம். கீழே கைப்பிடி சுற்றுகிற சத்தமும் கேட்கிறது. படிக்க ஆளில்லை; எதையும் போடாமல் வெறுமனே சுற்றுகிறார்.

தெருமுனையில் ஒரு சைக்கிள் மணி. இந்த ஊரில் எத்தனையோ சைக்கிள்.

எட்டிப் பார்க்கமாட்டேன். அது யார் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதியதை முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கப்போகிறேன். அங்கே கேட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்த வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும்.