அப்பா பெயருக்கு ஒரு மண்வெட்டி

கிளம்பும்போது அப்பா ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார். "அங்க யாராச்சும் பேர் கேட்டா அம்மா வீட்டுப் பேரை மட்டும் சொல்லு. லிஸ்பெத் மொர்கா. அது போதும்."

அப்பா எலாடியோ தலைநகரத்தில் மெட்ரோ வாசலில் ஜூஸ் கடை வைத்திருப்பவர். பழத்தைப் பிழிவார், பேச்சைப் பிழிய மாட்டார். தான் படிக்கும் விவசாயக் கல்லூரி மாணவர்களைக் கோடை விடுமுறையில் வஹாக்கா மலையில் மக்காச்சோளக் காடு பார்க்க அழைத்துப் போகிறது, இதில் பெயருக்கு என்ன வந்தது என்று லிஸ்பெத்துக்குப் புரியவில்லை. புரியாததை மறந்துவிடுவது அவள் வழக்கம். மலைப்பாதையில் பஸ் வளைந்த வளைவுக்கெல்லாம் வாந்தி எடுத்ததில் அந்தப் புத்திமதியும் எங்கேயோ போய்விட்டது.

சான் மெல்சோர் ஊர் முற்றத்தில் சனம் கூடியிருந்தது. வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொன்னார்கள். ஆளுக்கொரு கைதட்டல் கிடைத்தது. லிஸ்பெத்தும் எழுந்து, "லிஸ்பெத் யெஸ்காஸ் மொர்கா" என்று அப்பா வீட்டுப் பெயர், அம்மா வீட்டுப் பெயர் எல்லாம் சேர்த்து முழுசாகச் சொன்னாள்.

ஒருத்தரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி அவளைப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழன் உலிஸஸ் அவள் காதைக் கடித்தான். "என்னடி பண்ணித் தொலைச்சே?"

"பேரைத்தான்டா சொன்னேன்."

"என் பேருக்கெல்லாம் தட்டினாங்களே!"

மறுநாள் விடிவதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். ஊர்ச் சேவகர் ஹெர்மிலோ நின்றார். முதலில் வயிறு வரும், பின்னால் அவர் வருவார். கையில் மண்வெட்டி.

"யெஸ்காஸ் வீட்டுப் பொண்ணு நீதானே? வா, வாய்க்கால் தூர் வாரணும். ஊர்ப்பொது வேலை."

"மத்தவங்க?"

"அவங்க விருந்தாளிங்க. தூங்கட்டும்."

"அப்ப நான் யாரு?"

ஹெர்மிலோ தலையைச் சொறிந்தார். "அதை நீதான் சொன்னே, நேத்து."

கூட வந்திருந்த வாத்தியார் பாஸ்குவாலிடம் ஓடினாள். அவருக்கு ஏக குஷி. "செய்முறைப் பயிற்சிம்மா! குடுத்து வச்சவ நீ, போ!" என்று சொல்லிவிட்டு அவர் போர்வையை இழுத்துக்கொண்டார். படித்த மனுஷருக்கு எதுவும் பயிற்சிதான், தான் செய்யாத வரைக்கும்.

வாய்க்காலில் முழங்கால் அளவு சேறு. மழை வேறு நசநசவென்று பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் பெண்கள் நின்று சேற்றை வாரி எறிந்தபடி அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

"எலாடியோ யெஸ்காஸ் மண்வெட்டி இருபது வருஷம் கழிச்சு எந்திரிச்சிருக்கு!"

"பிடியைப் பிடிக்கிற லட்சணத்தைப் பாரு. அப்பன் மாதிரியே, போட்டுட்டு ஓடறதுக்கு வாகா."

லிஸ்பெத் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல விழித்தாள். "எங்கப்பாவை உங்களுக்குத் தெரியுமா? அவரு தலைநகரத்துக்காரரு."

சிரிப்பு நின்றுவிட்டது. ஒத்திலியா என்ற பெண் சேற்றில் நடந்து அவள் அருகில் வந்தாள். "அப்படியா சொன்னான் உங்கப்பன்?" குரலில் கேலி போயிருந்தது. "நேத்து எந்திரிச்சுப் போனாரே, அவர் என் புருஷன் ஃபிடென்சியோ. உங்கப்பனோட கூடப் பொறந்த அண்ணன். நான் உனக்குப் பெரியம்மா."

அதன் பிறகு ஒத்திலியா வேலையை நிறுத்தாமலே சொன்னாள். எலாடியோவை ஒரு வருஷத்துக்கு ஊர்ச் சேவகராக ஊர் தேர்ந்தெடுத்தது. சம்பளமில்லாத வேலை, முறை வைத்து எல்லோரும் செய்வது. கூட்டத்தில் சரி என்று தலையாட்டியவன் மறுநாள் காலை வெங்காய லாரியில் ஏறிப் போய்விட்டான். இந்த ஊரில் பொது வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்தால்தான் பெயர் நிற்கும். அன்றிலிருந்து தம்பியின் முறைக்கும் அண்ணனே வந்தார்.

"ரெண்டு ஆள் வேலை, ஒரே முதுகு. இப்ப அதுவும் போச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துல, தம்பிக்காக இனிமே என்னால முடியாதுன்னு கைவிடப் போறார்."

"கைவிட்டா?"

"உங்கப்பன் பேரு ஊர்ல இல்ல. வீட்டு மனை இல்ல. செத்தா இங்க குழியும் இல்ல."

லிஸ்பெத்துக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. தனக்கு ஓர் ஊர் இருந்ததே தெரியாது. அது இருக்கிறது என்று தெரிந்த நாளிலேயே போகப் போகிறது என்கிறார்கள். அழுகை வந்தது. மழையாக இருந்ததால் அழுதாள்.

கோயிலுக்குப் பின்னால் மேட்டில் ஏறினால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். சேறோடு ஏறி எல்லாவற்றையும் கொட்டினாள். மறுமுனையில் ஜூஸ் மிஷின் ஓடும் சத்தம்.

"எந்தப் பேரைச் சொன்னே?" என்றார் அப்பா.

"உங்க பேரை."

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"நீங்க சொல்லாததையெல்லாம் இங்க ஊரே சொல்லுதுப்பா. ஞாயித்துக்கிழமை வருவீங்களா?"

"கடையை யாரு பார்ப்பா?" என்று வைத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க வாத்தியார் சோளத்தோடு அவரையும் பூசணியும் ஏன் சேர்ந்து வளர்கின்றன என்று விளக்கினார். ஒரு வார்த்தைகூட அவள் மண்டையில் ஏறவில்லை. பெரியப்பாவை வழியில் பார்த்தால் அவள் நிற்பாள், அவரும் நிற்பார். பிறகு அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் புறப்படத் தயாராக நின்றது. முற்றத்தில் ஊர்க்கூட்டம். தலைவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, "இருக்கேன்", "இருக்கேன்" என்று பதில் வந்தது.

"எலாடியோ யெஸ்காஸ்."

ஃபிடென்சியோ தன் கால் விரலைப் பார்த்தார்.

"எலாடியோ யெஸ்காஸ்!"

"இருக்கேன்." சொன்ன பிறகுதான் சொன்னது தான் என்று லிஸ்பெத்துக்கே உறைத்தது. "அவர் பொண்ணு. நான் இருக்கேன்."

பெரியப்பா தலையைத் தூக்கினார். அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். "உங்கப்பனும் இதே இடத்துல நின்னு இதே வார்த்தையைத்தான் சொன்னான். பஸ் எப்பம்மா?"

"இப்ப."

"சரி. பத்திரமாப் போயிட்டு வா."

அதில் கொஞ்சமாவது கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். இல்லை. யாரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஊர்.

பஸ்ஸில் ஏறினாள். உலிஸஸ் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தான். அவள் மேலே இருந்த பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"ஏம்மா, எங்கே?" வாத்தியார் பதறினார். "உங்கப்பா கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"நானே சொல்லிக்கறேன் சார். பயிற்சி இன்னும் முடியல."

செய்தது சரியா தப்பா, அப்பாவைக் காப்பாற்றுகிறோமா பழிவாங்குகிறோமா, அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. பையோடு கோயில் மேட்டில் ஏறி போன் போட்டாள்.

"அப்பா, பஸ் போயிருச்சு. நான் ஏறலை. பெரியப்பா வீட்லதான் இருக்கப் போறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"உங்க பேருக்கு இருக்கேன்னு சொல்லிட்டேன். ஒருத்தரும் நம்பலை. சனிக்கிழமை மறுபடி வாய்க்கால் வேலை, நான் போவேன். என்னைக் கூட்டிட்டுப் போகணும்னா நீங்களே வாங்க."

ஜூஸ் மிஷின் நின்றது.  வைத்துவிட்டாரோ என்று அவள் போனைப் பார்த்தாள்.

"இப்பவும் விடியறதுக்கு முன்னாடியேதான் கூப்பிடறாங்களா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாப்பா."

"அப்ப வெள்ளிக்கிழமையே கிளம்பணும்" என்றார்.