பதினைந்தாவது ஆள்

அந்தப் பட்டறைக்கு முதலாளி கிடையாது. அதுதான் அதன் பெருமை. டிரைவருக்கு அதுவே வினையாகப் போனது. அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடி மெஷின்கள் வாங்கிப் போட்டு, தாங்களே கூட்டிப் பெருக்கி, தாங்களே நடத்துகிற இடம். புதிதாக வருகிறவர் தற்காலிக உறுப்பினர். சுத்தியல், ரம்பம் எடுக்கலாம், பெஞ்சு துடைக்கலாம். பெரிய மெஷினைத் தொட முழு உறுப்பினராக வேண்டும். அதற்கு மாதக் கூட்டத்தில் சாவி வைத்திருக்கும் உறுப்பினர்கள் பதினைந்து பேராவது நேரில் உட்கார்ந்திருந்து, ஒருவர்கூட மறுக்காமல் கை தூக்க வேண்டும்.

இன்னும் தற்காலிக உறுப்பினராகவே இருந்த அந்த பஸ் டிரைவருக்கு வேண்டியது ஒரே மெஷின்: கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே பலகையில் அறுத்துத் தருவது. மகளுக்கு முதுகு நிற்காது. கடை நாற்காலியெல்லாம் நேர்முதுகுக்காரர்களுக்கு. முன்பு செய்துகொடுத்த நாற்காலிக்குள் இப்போது அவள் அடங்கவில்லை. "உக்கார முடிஞ்சா அனுப்புங்க, சேத்துக்கறோம்" என்றது பள்ளிக்கூடம். திங்கட்கிழமை திறப்பு. கையால் அறுத்துப் பார்த்ததில் மேடுபள்ளமாகி, பிள்ளையின் விலா சிவந்ததுதான் மிச்சம்.

குடித்த டம்ளரை யார் கழுவுவது என்பதில் தொடங்கியது கூட்டம். முதலாளி இல்லாத இடத்தில் வாய்க்கா பஞ்சம்? ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். பானை செய்கிற அக்கா மட்டும் வீங்கிய முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். டிரைவருக்கு மனசு கேட்கவில்லை.

"கெளம்புங்கக்கா. இந்த பஸ்ஸ விட்டா அடுத்ததுல நின்னுட்டுத்தான் போகணும்."

"உங்க விஷயம் இன்னும் வரலியே தம்பி?"

"அதுக்கென்னக்கா, இத்தனை பேர் இருக்காங்களே."

பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்து, ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்து, வீட்டு வாசலிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். தொழில்புத்தி. யாரையாவது பத்திரமாக ஏற்றி அனுப்பாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

திரும்பியபோது அந்த மாத முறைத் தலைவரான பல் டாக்டர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பதினாலு. மறுபடி எண்ணினார், எண்ண எண்ணக் கூடிவிடும் என்பது போல.

"பானைக்காரக்கா எங்க?"

"நான்தான் பஸ் ஏத்தி விட்டேன்."

போன் போட்டார்கள், அக்கா எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நேரில் இருந்தாக வேண்டும் என்பதே விதி.

"அவசரக் கூட்டம் போடலாமே?" என்றார் டிரைவர்.

"அவசரக் கூட்டத்துக்கே பத்து நாள் முன்னாடி சொல்லணும் சார்."

"நானே அறுத்துக் குடுத்துடறேன்" என்று எழுந்தான் கரண்டு வேலை பார்க்கிற தம்பி.

"அவங்கவங்க வேலைய அவங்கவங்கதான் செய்யணும்னு விதி எதுக்குப் போட்டோம்? போன வருஷம் நீ அடுத்தவருக்கு அறுக்கப் போய்த்தானே?" என்றார் டாக்டர் மெதுவாக. விரல் போன கையைத் தம்பி பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"எங்க எல்லாருக்கும் சம்மதந்தான் சார்." டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளி என்று ஒருவர் இருந்தால் காலில் விழுந்திருப்பார் டிரைவர். பதினாலு பேர் காலில் எப்படி விழுவது? அதுவும் பதினாலு பேரும் தன் கட்சியாக இருக்கும்போது? கோபப்படக்கூட ஆள் அகப்படவில்லை. கடைசியில் டம்ளர்களை அள்ளிக்கொண்டு போய் அவரே கழுவி வைத்தார்.

வீட்டில் மகள் விழித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"யாராச்சும் வேணாம்னு சொன்னாங்களாப்பா?"

"யாரும் சொல்லலம்மா. எல்லாரும் சரின்னுதான் சொன்னாங்க."

அவள் முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப திங்கக்கெழமை நான் போறேன்ல?"

அவள் முதுகுக்கடியில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார். உள்ளங்கை தாங்கியிருந்த வரைக்கும் நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள். விடிந்தால் அந்தக் கை ஸ்டியரிங் பிடிக்கப் போக வேண்டும்.