தபுவுக்குள் இறங்கிய பன்றி

ஹாபாய்த் தீவுகளில் எங்கள் ஊரைப் போல மட்டி தின்று தீர்த்த ஊர் வேறு இருக்க முடியாது. கிளறினாலும் மணல்தான் வருகிறது என்ற நிலை வந்தபிறகுதான், ஊர்த்தலைவரான என் கணவர் ஹேபெட்டி கூட்டம் போட்டு, தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் பவளத்திட்டை, யாரும் மட்டி எடுக்கக் கூடாதென்று மூடிவைத்தார். கரையில் ஒரு பலகை நட்டார்கள். அதில் ஒரே சொல்: தபு.

மனிதர்கள் அடங்கினார்கள். சுலியெட்டி அண்ணியின் பன்றி அடங்கவில்லை. கடல் உள்வாங்கியதும் அது குட்டிகளோடு இறங்கி, பலகையில் முதுகைச் சொறிந்துகொண்டு, நேராகத் திட்டுக்குள் போய் மூக்கால் கிண்டி மட்டி தின்றது. ஊரே கரையில் நின்று சிரித்தது.

அண்ணி, ஹேபெட்டியின் அக்கா. அங்கேதான் சிக்கல். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவிலும் தபு உண்டு. அக்கா இருக்கும் அறையில் இவர் உட்காரமாட்டார். அக்கா காதுபட ஒரு கடுஞ்சொல் சொல்ல இவருக்கு நாக்கு எழாது. ஊரையே அதட்டுகிற மனுஷன், அந்த வீட்டு வேலியைக் கண்டால் சுற்றுவழியாகப் போய்விடுவார். ஆகவே தூது நான்.

"அண்ணி, பன்னியைக் கட்டி வைக்கச் சொல்றாங்க."

"யாரு? என் தம்பியா, ஊர்த்தலைவரா?"

"தலைவர்தான் அண்ணி."

"அப்ப தலைவர்கிட்ட சொல்லு லவீனியா, பன்னிக்குப் படிக்கத் தெரியாதுன்னு. பலகையில ஒரு படம் போட்டு வைக்கச் சொல்லு."

மட்டிக் கணக்கெடுக்க வெலிங்டனிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த ப்ரூக்குக்கு இது தாங்கவில்லை. முற்றத்தில் என்னோடு மரவள்ளிக்கிழங்கு உரித்தபடி கேட்டாள்:

"நேரா போய்ச் சொன்னா என்ன? தடைன்னா தடைதானே?"

"அக்காகிட்ட அப்படிப் பேசறது தபு."

"எங்க இங்கிலீஷ்ல அதை டபூம்போம், எங்க வீட்லயும் உண்டு. சாப்பிடறப்போ தேர்தலைப் பத்திப் பேசினா டபூ. மாமாவோட சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா டபூ. கூடாதுன்னா கூடாது, அவ்வளவுதான்."

"அந்தச் சொல்லே இங்கேருந்துதான்டி உங்க ஆளுங்க கப்பல்ல ஏறிப் போச்சு. 'கூடாது'ங்கறதை மட்டும் ஏத்திக்கிட்டு மிச்சத்தை இங்கேயே போட்டுட்டுப் போயிட்டாங்க. ஒண்ணை ஒசத்தி வைச்சாத்தான் எங்களுக்கு அது தபு. ஒசந்து இருக்கறதாலதான் கை வைக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான், அண்ணியும் அப்படித்தான்."

பின்னால் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ஹேபெட்டி கத்தியும் கையுமாக என்னைப் பார்த்தார்.

"ஒசத்தி வைக்கிறதா?" என்றார்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து, கூரை உத்தரத்தைப் பார்த்துப் பேசினார்: "திட்டு இனிமே என் பொறுப்பு இல்ல. அதை என் அக்கா சுலியெட்டி பேர்ல வைச்சிருக்கேன். அதுக்குள்ள கால் வைக்கிறவன் அவங்க உட்கார்ற பாயை மிதிச்சவன்."

வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அண்ணியின் கையில் விசிறி அப்படியே நின்றது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். இவ்வளவு பெரிய மரியாதையை ஊர் நடுவில் வைத்து யார் வேண்டாமென்பார்கள்? அண்ணி, சபைக்கு மரியாதையாக இடுப்பில் சுற்றியிருந்த பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து போனார்.

அன்று மாலை பன்றி ஈரப்பலா மரத்தடியில் கட்டிக் கிடந்தது. அது போட்ட கூச்சலில் பாதிரியாரின் ஜெபமே தடுமாறியது. மறுநாளிலிருந்து அண்ணி வீட்டு வேலியோரம் காலைதோறும் பன்றிக்குத் தீனியாக ஒரு குவியல் தேங்காய் இருந்தது. வைத்தது யார் என்று அண்ணி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதன்பிறகு அந்தத் திட்டுக்கு அண்ணியைப் போல ஒரு காவல் கிடையாது. பாதிரியாரின் நாயைக்கூட விரட்டியடித்தார். ப்ரூக் கணக்கெடுத்துவிட்டு, "குட்டி மட்டி நெறைய வந்திருக்கு!" என்று கத்திக்கொண்டு வந்தபோது, தானே பெற்றுப் போட்டதுபோல அண்ணி தலையாட்டினார்.

ஒரு நாள் ஹேபெட்டியின் படகு கயிறு அறுந்து திட்டுப்பக்கம் மிதந்தது. அவர் பதறியடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். என் பக்கத்தில் நின்ற அண்ணி என்னிடம்தான் சொன்னார், ஆனால் அடுத்த தீவுக்கே கேட்டிருக்கும்:

"லவீனியா! உன் புருஷனை வெளியே வரச் சொல்லு! படகு போனா வேற படகு வரும். என் மட்டி மிதிபட்டுச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்!"

ஹேபெட்டி மறுபேச்சில்லாமல் கரையேறினார். அலை படகைத் தள்ளிக்கொண்டு வரும்வரை, சொட்டச் சொட்ட நனைந்த உடுப்போடு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் தோள்கள் குலுங்கின. சிரிப்பை அடக்க அந்த மனுஷன் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும்.