பாசுரத்துக்கு மார்க்

பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷம்தான் இந்த வயிற்றெரிச்சல் நடந்தது. சின்னக் காஞ்சிபுரத்தில் கோயில்காரர்கள் சிலர் கமிட்டி போட்டு நடத்திய மெட்ரிகுலேஷன் பள்ளி அது. இனிமேல் ரேங்க் கார்டைக் கையால் எழுத வேண்டாம், பிரிண்ட் போட்டே கொடுத்துவிடலாம் என்று செகரெட்டரி பாச்சா தரையில் கால் பாவாமல் அலைந்தார். எந்தப் பாடத்துக்கு மார்க், எந்தப் பாடத்துக்கு கிரேடு என்று கம்ப்யூட்டருக்கு முதலிலேயே சொல்லி வைக்க வேண்டுமாம். அந்த வேலை கணக்கு டீச்சர் ரமாமணியின் தலையில் விழுந்தது.

தமிழ், இங்கிலீஷ், கணக்கு என்று பெரிய பாடங்களுக்கு மார்க், டிராயிங்குக்கும் பாசுரத்துக்கும் கிரேடு என்று அவள் ஒழுங்காகத்தான் போட்டாள். பாசுரம் அந்தப் பள்ளிக்கே உரிய பாடம். காலையில் முதல் மணிக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஆழ்வார் பாசுரங்களை ஒப்பிக்க வேண்டும். தாமலிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகளால் அந்த நேரத்துக்கு வந்து சேர முடியாது. அதனால் அவர்கள் கார்டில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்துவிடுவார்கள். கோடு போட்டால் அந்தப் பாடம் அந்தப் பிள்ளைக்குக் கணக்கில் இல்லை. பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான்.

பாச்சா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பெருமாள் விஷயத்தைப் படம் போடறதோட சேர்த்துட்டியே! கிரேடுன்னா எந்தக் குழந்தை மதிக்கும்? மார்க் போடு. டோட்டல்ல சேரட்டும்."

ரமாமணிக்கும் அது நியாயமாகப் பட்டது. அவளுடைய அப்பாவே காலமெல்லாம் கோயிலில் பாசுரம் சேவித்தவர். "அதுவும் சரிதான் மாமா" என்று சந்தோஷமாகவே மாற்றினாள். கோடு அவள் ஞாபகத்துக்கே வரவில்லை. பாழாய்ப்போன புத்தி!

கம்ப்யூட்டருக்குக் கோடும் தெரியாது, பஸ்ஸும் தெரியாது. வருஷப் பரீட்சையில் கோட்டைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. ஒரு பாடத்தில் பெயிலானாலும் மொத்தமும் பெயில். எட்டாவது வரைக்கும் எல்லோரையும் மேலே ஏற்றிவிடுவது வழக்கம் என்பதால் சின்னப் பிள்ளைகள் தப்பித்தார்கள். ஒன்பதாவதில் தாமல் பிள்ளை ஒருத்திதான், சத்யப்ரியா. கணக்கில் வகுப்பிலேயே முதலாக வருகிறவள். அவளுக்கு பெயில் என்று அச்சடித்த கார்டு, லீவில் தபாலில் வீட்டுக்கே போய்விட்டது.

ஆபீஸ் பிரதியைப் பார்த்ததும் ரமாமணிக்குப் பகீரென்றது. சத்யப்ரியாவின் அப்பா பழனி, பம்ப்செட் மெக்கானிக். அவன் அக்கா கிருஷ்ணவேணி, தன் பிள்ளைக்குப் பெண்ணைக் கொடு என்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். போன வருஷம் ரமாமணிதான் நேரில் போய்ப் பேசினாள். பாஸாகிற வரைக்கும் படிக்கட்டும், என்றைக்கு பெயிலாகிறாளோ அன்றைக்குக் கல்யாணம் என்று பழனி இரண்டு பேருக்கும் பொதுவாக வாக்குக் கொடுத்திருந்தான்.

பாச்சாவிடம் ஓடினாள்.

"மாமா, கார்டை மாத்தியே ஆகணும்!"

"ரிஜிஸ்டர்ல ஏறியாச்சும்மா. பாசுரத்துல பெயில்னு வந்ததை நானே அழிச்சேன்னா கமிட்டில என்னைக் கிழிச்சுடுவா. அடுத்த வருஷம் கிரேடுன்னு மாத்திக்கலாம்."

"அடுத்த வருஷம் அவ இருக்க மாட்டா மாமா!"

"அதுக்கு நான் என்ன பண்றது சொல்லு" என்று அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

எக்கேடோ கெடட்டும் என்று ரமாமணி பழைய கார்டு ஒன்றைத் தேடி எடுத்துக் கையாலேயே மார்க் எழுதினாள். பாசுரத்துக்குக் கோடு கிழித்தாள். பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு தாமல் பஸ் ஏறினாள்.

பழனி இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"பாவம் பாத்து நீங்களே எழுதிக்கினு வந்துருக்கீங்க டீச்சர். உங்க மனசு யாருக்கு வரும்?"

"இல்லப்பா, தப்பு என்னோடது. மார்க்குன்னு மாத்திப் போட்டதே நான்தான். உங்க பொண்ணு நிஜமாவே பாஸ்."

"மெஷினு எதுக்குமா பொய் சொல்லப் போவுது? தெனம் மீட்டர் பாத்துதான் நான் மோட்டார்ல கைய வக்கிறேன். ஆளுங்க ஆயிரம் சொல்லுவாங்க, நான் முள்ளத்தான் நம்புவேன்." அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை இன்னும் கலங்கடித்தது. "அக்கா வந்துட்டுது. நேத்தே தட்டு மாத்திட்டோம். பேச்சு மாற முடியாதுமா."

கதவருகில் நின்றிருந்த சத்யப்ரியா முன்னால் வந்தாள்.

"மிஸ், எனக்குப் பாசுரமெல்லாம் தெரியும் மிஸ். டிபன் டைம்ல எங்க கிளாஸ் மானஸாகிட்ட கேட்டுக் கத்துக்கினேன்."

"ஐயோ, ஏண்டி யார்கிட்டயும் சொல்லல?"

"யாருமே கேக்கல மிஸ்."

சொல்லிவிட்டுக் கைகட்டி நின்று ஒப்பிக்க ஆரம்பித்தாள். அந்த வருஷத்துப் பாடம் முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். ரமாமணிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"எவ்ளோ மார்க் மிஸ்?"

"நூத்துக்கு நூறுடி குழந்தே."

சத்யப்ரியா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் உள்ளேயிருந்து கிருஷ்ணவேணி கை தட்டினாள்.

"கொரலு ஜோரா இருக்குதே! நலங்குல இத்தயே பாடிடு கண்ணு."

பழனிக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.