மாதாவின் பின்னால் நடந்தவர்கள்

நான் எழுதுவதற்காகப் பலகைப் பக்கம் திரும்பியவுடன் அந்தச் சத்தம் வரும். கடைசி வரிசையிலிருந்து, மூச்சும் முனகலும் கலந்து, படுக்கையில் இருக்கும் ஒரு பெண்ணின் குரலைப் போலி செய்யும் சத்தம். அதை எங்கே கற்றார்கள் என்பது கைப்பேசி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். சத்தத்தைத் தொடர்ந்து, சட்டைக் கைக்குள் புதைக்கப்பட்ட சிரிப்புகள். சட்டென்று திரும்பிப் பார்த்தால், கோயிலில் புதுநன்மை வாங்க வரிசையில் நிற்கும் குழந்தைகளின் முகங்கள்.

அதனால் நான் திரும்புவதை நிறுத்தினேன். வேதியியலைப் பலகையில்லாமல் கற்பிப்பது எவ்வளவு அபத்தமானது என்பதைக் கற்பித்தவர்களே அறிவார்கள். ஒரு சமன்பாடு மாணவனின் கண்முன்னால், தயங்கி, அழிக்கப்பட்டு, மறுபடி எழுதப்பட்டுச் சமனாக வேண்டும். நானோ முன்கூட்டியே தயாரித்த பக்கங்களைத் திரையில் ஓட்டிக்கொண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி, காவலுக்கு நிற்பவளைப் போல நின்றேன். வெள்ளைப் பலகை வாரக்கணக்கில் வெள்ளையாகவே இருந்தது.

ஈஸ்டர் முடிந்து பெற்றோர் கூட்டம் வந்தது. யூர்கன் ஷெபெராஸின் தாய் என் மேசைக்கு எதிரே அமர்ந்து கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்தார். அவருடைய கணவர் எங்கள் ஊர் பாண்டு வாத்தியக் கழகத்தின் தலைவர். ஸெய்த்தூனில் அது சிறிய பதவியன்று.

"மிஸ், நீங்க பலகையில எழுதறதே இல்லையாமே? எல்லாம் திரையில ஓடிப் போகுதாம். இப்படி இருந்தா எம் பையன் எப்படித் தேறுவான்?"

"நான் ஏன் எழுதறதில்லன்னு அவன்கிட்டயே கேளுங்க."

"கேட்டேனே. உங்க கையெழுத்து சரியில்லன்னு சொன்னான்."

அவமானத்தை அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தேன். அவமானத்துக்கான பழியையும் என் கையெழுத்தின் மீதே சுமத்தியதைப் பொறுக்க முடியவில்லை. கூட்டம் கலைந்ததும் ரெக்டரின் அறைக் கதவைத் தட்டினேன்.

பள்ளியின் ரெக்டரான பாதர் அவ்ரேலியோ நல்ல மனிதர். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் காய்ச்சலோடு கிடக்கும் மாணவனின் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழங்களோடு போகிறவர். நான் சொன்னதைக் கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.

"அந்தச் சத்தம்னா... எந்த மாதிரிச் சத்தம், மகளே?"

"நான் செஞ்சு காட்டணுமா, பாதர்?"

"வேண்டாம், வேண்டாம்." அவருடைய காதுகள் சிவந்தன. "உனக்கு என்ன வேணும், சொல்லு."

"செஞ்சவங்க எழுந்து நின்னு, எல்லார் முன்னாடியும் என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் பலகையில எழுதறேன். இல்லன்னா இந்த வருஷத்தோட இங்கிருந்து போயிடறேன்."

"யார் யாருன்னு தெரியுமா?"

"கடைசி வரிசை. யூர்கன். அவனோட இன்னும் ரெண்டு மூணு பேர்."

"யூர்கனா?" பாதர் உண்மையாகவே திகைத்தார். "அவன் மாதா சுரூபம் தூக்கற பையனாச்சே!"

குற்றம் நடந்த நேரத்தில் அவன் வேறு ஊரில் இருந்தான் என்று சாட்சி சொல்பவரைப் போல அதைச் சொன்னார். எங்கள் பள்ளியில் மே மாதக் கடைசிச் சனிக்கிழமை மாதா பவனி உண்டு. பெரிய வகுப்புப் பையன்கள் எட்டுப் பேர், வெள்ளை அங்கியும் நீலக் கச்சையும் அணிந்து, மரத்தில் செய்த மாதா சுரூபத்தைத் தண்டுகளில் ஏற்றித் தோளில் சுமந்து பங்குக் கோயில் சதுக்கம்வரை போய் வருவார்கள். தோள் உயரம் ஒத்த பையன்களை ஜோடி ஜோடியாகப் பொறுக்குவார்கள். உயரம் அதிகமுள்ளவர்கள் பின்தண்டுக்கு. அந்த எட்டுப் பேரில் ஒருவனாவது இங்கே ஒரு வீட்டின் பெருமை. அந்தப் பையனின் புகைப்படம் வரவேற்பறையில் மூன்று தலைமுறைக்குத் தொங்கும்.

பாதர் என் கோரிக்கையை மறுக்கவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்றைத் தருவதாகச் சொன்னார். அப்படித்தான் எங்கள் பள்ளியில் 'பெண்மையைப் போற்றும் வாரம்' பிறந்தது.

தாழ்வாரம் முழுவதும் சுவரொட்டிகள். 'ஒவ்வொரு பெண்ணும் யாரோ ஒருவரின் தாய், யாரோ ஒருவரின் சகோதரி.' அந்த வாசகத்தைக் கடந்து தினமும் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். நான் யாருக்கும் தாயல்ல. என் பெற்றோருக்கு ஒரே குழந்தை என்பதால் யாருக்கும் சகோதரியுமல்ல. அந்தச் சுவரொட்டியின் தர்க்கப்படி எனக்குச் சேர வேண்டிய மரியாதை எதுவும் இல்லை. மரியாதையை ஒரு பெண்ணிடம் நேராகக் கொண்டுவந்து கொடுக்க இவர்களுக்கு ஏன் கை நீளவில்லை? ஏன் அது எப்போதும் வேறொரு ஆணின் வீட்டு வாசல் வழியாகவே வர வேண்டும்?

செவ்வாய்க்கிழமை உரையாற்ற ஒரு கால்பந்துப் பயிற்சியாளர் வந்தார். "எந்தப் பொண்ணப் பாத்தாலும் உங்க அம்மாவ நெனச்சுக்குங்க, பசங்களா!" என்று முழங்கினார்.

எனக்கு முன்வரிசையில் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் கிசுகிசுத்தான். "அம்மாவ நெனச்சா எனக்கு வீட்டுப்பாடந்தான்டா ஞாபகம் வருது."

"எனக்குச் செருப்பு."

அரங்கில் அன்று பேசப்பட்டவற்றுள் நேர்மையான வாக்கியங்கள் அவை இரண்டுமே. எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிறகு பாதர் மேடையேறினார். பெண்மைக்கு நேர்ந்த ஓர் அவமதிப்பு தம் காதுக்கு எட்டியதாகவும், அதற்குப் பரிகாரமாக அந்த வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் மாதாவின் பாதத்தில் ஒரு ரோஜா வைத்து ஜெபமாலையின் பத்து மணிகளை உருட்டி ஜெபம் சொல்ல வேண்டும் என்றும் அறிவித்தார். என் பெயரை அவர் சொல்லவில்லை. சத்தம் என்ற சொல்லும் வரவில்லை. பெண்மை என்பவள் யார், அவள் எந்த வகுப்பில் நின்றுகொண்டிருந்தபோது அவமதிக்கப்பட்டாள் என்பதை யாரும் கேட்கவில்லை. என் வகுப்பு வரிசையாகக் கோயிலுக்குள் போனது. யூர்கன் முழந்தாளிட்டு, கண்களை இறுக மூடி, உதடு அசையச் சொன்னான். ரோஜாவைப் போலவே அவனும் அழகாக இருந்தான்.

ஆசிரியர் அறையில் கணக்கு ஆசிரியரான சென்சு, பஸ்திஸ்ஸி என்னும் பலகாரத்தைக் கடித்து, அதன் பாலாடைக்கட்டித் துணுக்குகளை மீசையிலிருந்து தட்டிவிட்டார்.

"உனக்காக ஒரு வாரமே ஒதுக்கிட்டார் பாத்தியா, கிராசி. எனக்கு இத்தன வருஷத்துல ஒரு மத்தியானம்கூட ஒதுக்கினதில்ல."

"எனக்காக இல்ல, சென்சு. மாதாவுக்காக."

"அவங்களும் பொண்ணுதானே, பொண்ணே."

"அவங்க வேதியியல் எடுக்கறதில்லையே."

"சரி, இப்பவாவது சத்தம் நின்னுதா?"

நின்றதா என்பதை அறிய நான் திரும்பியாக வேண்டும். திரும்புவதற்கு முன்னால் அது நின்றிருக்க வேண்டும். இந்த முடிச்சை அவருக்கு விளக்க முயன்றேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு, மீதிப் பஸ்திஸ்ஸியைக் காகிதத்தோடு என் பக்கம் நகர்த்தினார்.

வெள்ளிக்கிழமை பவனிக்கான ஒத்திகை. ஆய்வுக்கூடத்தின் சன்னலிலிருந்து முற்றம் முழுவதும் தெரியும். உடற்பயிற்சி ஆசிரியர் தண்டில் மரச்சுத்தியால் ஒருமுறை தட்டினார். எட்டுத் தோள்கள் ஒன்றாக எழுந்தன. மறுமுறை தட்டினார், எட்டு இடக்கால்கள் ஒன்றாக நகர்ந்தன. படகு அலையில் அசைவதைப் போன்ற அந்த நடையைக் கைவரச் செய்ய மாதங்கள் ஆகும். நிற்கும் இடங்களில் கவைக்கோல்களை ஊன்றித் தண்டைத் தாங்கவிட்டுச் சிலைபோல நின்றார்கள். பின்தண்டில் வலப்பக்கம் யூர்கன். இடப்பக்கம் மத்தியா காருவானா, என் வகுப்பில் அவனுக்குப் பக்கத்தில் உட்காருபவன்.

அவர்கள் இருவருக்கும் மாதாவின் முகம் தெரியாது என்பதை அப்போதுதான் கவனித்தேன். பின்தண்டில் நடப்பவனுக்குப் பவனி முழுவதும் தெரிவது நீல மேலாடை போர்த்திய முதுகு மட்டும். அந்த முதுகுக்குப் பின்னால், வெயிலில், வியர்வை கண்ணில் இறங்க, ஒரு முனகல் இல்லாமல், ஒரு சிரிப்பு இல்லாமல், முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அடக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்திருந்தால் மன்னித்திருப்பேன். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மிக நன்றாகத் தெரிந்திருந்தது. யாருக்குப் பின்னால் அடங்க வேண்டும், யாருக்குப் பின்னால் வேண்டியதில்லை என்றுகூட அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது.

சனிக்கிழமை முற்றத்தில் பெற்றோர் நிறைந்திருந்தனர். வாத்தியக்காரர்கள் வாயிலில் காத்திருந்தார்கள். சுரூபம் கவைக்கோல்களின் மீது நிற்க, எட்டுப் பேரும் தத்தம் இடத்தில் நின்றார்கள். பாதர் ஒலிவாங்கியில் என்னை அழைத்தார். அனைத்துப் பெண்களின் சார்பாக நான் ஒரு மலர்ச்செண்டைப் பெற்றுக்கொள்ள வேண்டுமாம். முன்னதாக எனக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. செண்டை ஏந்தி வந்தவன் யூர்கன்.

"உங்களுக்குத்தான் மிஸ்," என்றான். அவன் உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. வகுப்பில் என்னால் ஒருபோதும் பார்க்க முடிந்திராத, என் முதுகு மட்டுமே அறிந்த சிரிப்பு.

நான் கைகளை நீட்டவில்லை.

"பூ எனக்கு வேண்டாம், பாதர்," என்றேன். ஒலிவாங்கி அருகிலிருந்ததால் என் குரல் வாயில்வரை கேட்டது. "நான் கேட்டது பூ இல்ல. நான் பலகையில எழுதத் திரும்பினா இவங்க வகுப்புல அசிங்கமா முனகறாங்க. அதான் நான் எழுதறதில்ல. என் கையெழுத்துல ஒரு குறையும் இல்ல, திருமதி ஷெபெராஸ். இந்தப் பசங்களால ஒரு மரப்பொம்பளையோட முதுகுக்குப் பின்னால சதுக்கம்வரைக்கும் வாயத் திறக்காம நடக்க முடியுது. உயிரோட இருக்கற பொம்பளைக்குப் பின்னால ஒரு சமன்பாடு எழுதற நேரம் முடியல."

சுரூபத்தை மரம் என்று சொன்னதற்காகச் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அதற்கு மட்டுமே போட்டுக்கொண்டார்கள்.

"ஒலிவாங்கிய நிறுத்துங்க," என்றார் பாதர். பிறகு என் பக்கம் குனிந்து, கெஞ்சும் குரலில், "இன்னைக்கு வேண்டாம், மகளே. மாதா அம்மா முன்னாடி வேண்டாம்."

யூர்கனின் தந்தை வாத்தியக்காரர்களுக்குக் கை காட்டினார். செண்டு ஒரு நாற்காலியில் வைக்கப்பட்டது. யூர்கன் தன் இடத்துக்குப் போனான். உடற்பயிற்சி ஆசிரியர் தண்டில் தட்டினார்.

சுரூபம் எழுந்தது, பின்னால் இடப்பக்கம் மட்டும் எழவில்லை. மாதா ஒரு பக்கமாகச் சாய, கூட்டத்திலிருந்து ஒரு கூச்சல். ஆசிரியர் ஓடிப்போய்க் கவைக்கோலை ஊன்றினார்.

"காருவானா! தோள் எங்கடா?"

மத்தியா தண்டிலிருந்து விலகி நின்றான். முகம் அங்கியைவிட வெளுத்திருந்தது.

"டேய், வந்து புடிடா," யூர்கன் பல்லைக் கடித்தான். "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்." மத்தியா என்னை நோக்கி நடந்து வந்தான். சற்றுத் தொலைவிலேயே நின்றுவிட்டான். "மிஸ். நானும் பண்ணேன். நெறைய தடவ. எல்லாரும் சிரிச்சாங்கன்னு பண்ணேன். மன்னிச்சிடுங்க."

பாதர் அவன் தோளில் கை வைத்தார். நிம்மதியும் கலக்கமும் கலந்து, "நல்லது, மகனே. ரொம்ப நல்லது. வா, அத அம்மாகிட்டச் சொல்லுவோம்," என்று சுரூபத்தின் பக்கம் அவனைத் திருப்பினார்.

மத்தியா திரும்பவில்லை. உண்மையிலேயே விளங்காதவனைப் போலப் பாதரைப் பார்த்தான்.

"அம்மாகிட்டதான் செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டேனே, பாதர். அவங்களுக்கு நான் ஒண்ணும் பண்ணலையே."

பாதரின் கை அந்தப் பையனின் தோளில் கொஞ்ச நேரம் எங்கே போவதென்று தெரியாமல் கிடந்தது.

அன்று மத்தியாவின் இடத்தில் உடற்பயிற்சி ஆசிரியரே தோள் கொடுத்தார். அவர் ஒரு சாண் குள்ளம். பவனி முழுவதும் மாதா இடப்பக்கம் சாய்ந்தபடியே சென்றார். என்ன காரணம் என்று சதுக்கத்தில் ஒவ்வொரு மாடத்திலிருந்தும் கேட்டார்கள். ஒவ்வொரு மாடத்துக்கும் காரணம் சொல்லப்பட்டது. யூர்கன் கடைசிவரை தூக்கினான். மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. பள்ளிக்கு நான் இழைத்த களங்கத்தைப் பற்றி அவன் தந்தை ரெக்டரிடம் பேசியிருக்கிறார். அடுத்த ஆண்டு எனக்கு இங்கே வகுப்பு இருக்குமா என்று பாதரிடம் கேட்டேன். சுவரொட்டிகளைக் கழற்றச் சொல்லிவிட்டதாக மட்டும் சொன்னார்.

திங்கள்கிழமை வகுப்புக்குள் நுழைந்தேன். திரையை இறக்கவில்லை. கடைசி வரிசையில் மத்தியா யூர்கனிடமிருந்து இரண்டு இருக்கை தள்ளி, தனியாக, தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். யூர்கன் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேட்டது, செய்த எல்லோரும் எழுந்து நின்று கேட்கும் மன்னிப்பு; கிடைத்தது ஒருவனுடையது. அதை வைத்துக்கொண்டு திரும்பலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

மார்க்கரின் மூடியைக் கழற்றித் திரும்பினேன்.

முதல் வரி எழுதினேன். பின்கழுத்தில் ஒவ்வொரு மயிரும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்புக்குறி போட்டபோது பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"விடுடா," என்றது மத்தியாவின் குரல். உரக்க, வகுப்புக்கே கேட்கும்படி.

யாரும் சிரிக்கவில்லை. இழுத்த மூச்சு என்ன ஆயிற்று என்று பார்க்க நான் திரும்பவில்லை. சமன்பாட்டின் இடப்பக்கம் ஆக்சிஜன் ஒன்று அதிகமாக இருந்தது. அதை அழித்துவிட்டு, இரண்டாம் வரியைத் தொடங்கினேன்.