எந்தப் பக்கம்

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது. அந்த வரியும் என்னுடையது அல்ல. பழைய அமெரிக்கக் கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் ஒருவர், என் மூன்று பக்கக் கடிதத்துக்குப் பதிலாக எழுதியது: “போல்ட் எந்தப் பக்கத்துக்கு?”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பொருள், பார்வை, காரின் வருடம், முன்சக்கர போல்ட் மூன்று என்று பத்தி பிரித்து எண் போட்டு எழுதியிருந்தேன். சக்கர போல்ட்டில் என்ன பக்கம்? இடதுகால் வலதுகால் பார்க்க அது என்ன செருப்பா? இதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். “ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் கேட்டிருப்பது” என்பதுவரை வந்து பேனா நின்றுவிட்டது.

அந்தப் பாதி வாக்கியத்துக்குப் பின்னால் வந்ததுதான் நீங்கள் படிப்பது. கடிதம் எழுத உட்கார்ந்தவன் எந்த இடத்தில் கதைக்குள் போனாய் என்று கேட்காதீர்கள். அது தெரிந்திருந்தால் வந்த வழியே திரும்பியிருப்பேன்.

2

தொடக்க வரிக்கு நான் செய்த முயற்சிகள்:

அ) “சனிக்கிழமை காரை விற்கிறோம்.” உண்மைதான். ஆனால் விளம்பரம் மாதிரி இருக்கிறது.

ஆ) “ஓர் ஊரில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினார்கள்.” பொய். நண்பர்கள் அல்ல, அண்ணனும் தங்கையும். நண்பன் என்று இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன், எங்கேயும் வலிக்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

இ) “என் தங்கையின் மணிக்கட்டு முறிந்ததற்குக் காரணம்

(இது இப்படியே இருக்கட்டும். மூடாத மேற்கோள்குறியைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். இருந்தாலும் இருக்கட்டும்.)

3

கார் அறுபதுகளின் தொடக்கத்தில் செய்தது. ஷெட்டின் கதவைச் சாத்தவேண்டுமானால் அதன் மூக்கைச் சுவரில் உரசினாற்போல் நிறுத்த வேண்டும். காலையில் நாலைந்து தடவை இருமி, புகை விட்டு, கெஞ்சினால்தான் கிளம்பும். அதனால் அதற்குப் பெரியம்மா என்று பெயர். “பெரியம்மா எழுந்துட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டேதான் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை உள்ளே வருவாள்.

ஐந்து வருடம் அப்படி. கை அவளுடையது, காகிதம் என்னுடையது. அவள் ஒரு பல் ஆய்வகத்தில் செயற்கைப் பல் செய்கிறவள். “மயிரிழை ஒசந்தாலும் நாக்கு கண்டுபிடிச்சிடும்ணா” என்பாள். கார்புரேட்டர், பிரேக், சக்கரம் எல்லாம் அந்தக் கைதான் பார்த்தது. நான் ஓர் அலுவலகத்தின் கடிதப் பிரிவில் இருக்கிறேன். நான் எதையாவது கழற்றினால், மாட்டி முடிக்கும்போது இரண்டு ஸ்க்ரூ மிச்சம் இருக்கும். ஆகவே உதிரிபாகத்துக்கு எழுதுவது, வந்ததைச் சரிபார்ப்பது, காரின் கையேட்டைப் பைண்டு செய்து பொருளடக்கம் எழுதி வைப்பது ஆகியவை என் பொறுப்பு.

அனுப்பும் முன் கடிதங்களை அவளிடம் கொடுப்பேன். முழுதாகப் படிக்கமாட்டாள். “எந்தப் பக்கம்?” என்பாள். முக்கியமான பக்கத்தின் எண்ணைச் சொன்னால், பென்சிலை எடுத்து அதை மட்டும் படித்து, விட்டுப்போன ஒற்றுகளைப் போட்டுத் திருப்பித் தருவாள்.

“நட்டுல மரை கழண்டா மாத்திடறீங்க. ஆளுக்குக் கழண்டா என்ன பண்றதா உத்தேசம்?” இது எங்கள் இருவரையும் பார்த்து என் மனைவி வாராவாரம் கேட்பது.

4

ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு. முன்பக்கப் பிரேக் இரண்டையும் பிரித்துச் சுத்தம் செய்து, சக்கரங்களை மாட்டிவிட்டுத் தங்கை கை கழுவப் போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

[இந்த இடத்தில் ‘விதி’ என்று எழுதி அடித்தேன். ஸ்பேனரை விதி பிடிக்கவில்லை. நான்தான் பிடித்தேன்.]

எதையும் இரண்டு தடவை பார்க்கிற ஆள் நான். உறையை ஒட்டிய பிறகும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். வலப்பக்கச் சக்கரத்தின் ஐந்து நட்டையும் இறுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. இடப்பக்கம் வந்தேன். முதல் நட்டு ‘டக்’ என்று கால் சுற்று வந்தது, அது போதும் என்று விட்டேன். அடுத்ததும் வந்தது. ஐந்தும் வந்தன. நல்லவேளை பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. ரோஷக்காரி, முகம் வாடிவிடும்.

மறுநாள் காலை அவள் ஓட்டிப் பார்க்கப் போனாள். இரண்டாவது திருப்பத்தில் இடது முன்சக்கரம் ஆடி, மூன்று போல்ட்டை முறித்துக்கொண்டு கழன்று, அவளுக்கு முன்னால் தனியாக உருண்டு போய், ஒரு சலவைக் கடை வாசலில் சாய்ந்து நின்றது. வண்டி மூக்கைத் தரையில் குத்தியது. ஸ்டியரிங் வெட்டிச் சுழன்றதில் அவளுடைய இடது மணிக்கட்டு முறிந்தது.

மருத்துவமனையில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள். “நான் சரியாத்தானே மாட்டுனேன்?” என்றாள்.

“நீ கை கழுவப் போனப்போ நான் ஒருதரம் முறுக்கிப் பாத்தேம்மா. நட்டு லூஸாத்தான் இருந்துச்சு. அஞ்சும் சுத்துச்சு. நான் டைட் பண்ணியும் இப்படி ஆயிடுச்சு.”

நிமிர்ந்து பார்த்தாள். “எந்தப் பக்கம் முறுக்குனே?”

“இடப்பக்கம்.”

கொஞ்ச நேரம் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்போ என் தப்புதான்” என்றாள்.

நான் மறுக்கவில்லை. “விடு, யாருக்கும் வர்றதுதான்” என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

5

எலும்பு இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. கைதான் கூடவில்லை. இப்போது ஆய்வகத்தில் ஒவ்வொரு பல்லையும் பக்கத்து மேசைக்காரியிடம் காட்டி, அவள் தலையாட்டிய பிறகே அனுப்புகிறாளாம். பதினெட்டு வருடம் யாரிடமும் காட்டாமல் அனுப்பியவள். “என் கையை நானே நம்பறதில்லைண்ணா” என்று ஒருநாள் போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஷெட்டுக்கு வருவதில்லை. காரை ஓட்டுவதில்லை. “வித்துடலாம். நான் கையெழுத்துப் போட்டுடறேன்” என்றாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்குகிறவர் வருகிறார். முறிந்த போல்ட்டுகளை மாற்றித் தர வேண்டும். அதற்குத்தான் அந்த மூன்று பக்கக் கடிதம். அதற்குத்தான் அந்த ஒரு வரிப் பதில்.

6

போல்ட்டில் பக்கம் எதுவும் கிடையாது என்று நிரூபிக்க, முறிந்த துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். அதன் தலையில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து பொடியாக வெட்டியிருந்தது. முன்பே பார்த்திருக்கிறேன். கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தேன். கையேட்டை எடுத்தேன். பொருளடக்கத்தில் என் கையெழுத்தில், நானே சிவப்பு மையில் அடிக்கோடிட்டு: “சக்கரம் மாட்டுதல், பக்கம் 214.”

பக்க எண்ணை எழுதியவன் பக்கத்தைப் படிக்கவில்லை.

அந்தக் காலத்துச் சில அமெரிக்கக் கார்களில் இப்படி உண்டாம். வலப்பக்கச் சக்கரங்களின் மரை வழக்கம்போல. இடப்பக்கச் சக்கரங்களில் மரை தலைகீழ். அங்கே நட்டை இடதுபுறம் திருப்பினால் இறுகும், வலதுபுறம் திருப்பினால் கழலும். ‘எல்’ என்பது அதற்கான அடையாளம்.

நான் வலதுபுறம்தான் திருப்பினேன். உலகத்தில் எல்லா நட்டையும் அப்படித்தானே இறுக்குகிறோம்? ‘டக்’ என்று கேட்டது, அவள் இறுக்கி வைத்ததை நான் விடுவித்த சத்தம். ஐந்து தடவை கேட்டது.

அவளுக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் சரியாக மாட்டினாள். தெரிந்ததால்தான் அந்தக் கேள்வியையும் கேட்டாள். எந்தத் திசையில் திருப்பினாய் என்று அவள் கேட்டாள். எந்தச் சக்கரம் என்று நான் சொன்னேன். “இடப்பக்கம்” என்ற என் பதில் அவள் காதில் சரியான திசையாக விழுந்தது. அண்ணன் சரியாகத்தான் இறுக்கியிருக்கிறான், அதற்கு முன்னால் நட்டு லூஸாகத்தான் இருந்திருக்கிறது, ஆகவே தப்பு தன் கையில். அவள் கணக்கில் பிழையே இல்லை.

* ஒரு சொல் இத்தனை வேலை பார்க்க வேண்டுமா? ஓரம் என்றாலும் பக்கம், திசை என்றாலும் பக்கம், தாளில் உள்ளதும் பக்கம், நீ யார் கட்சி என்று கேட்பதும் பக்கம். முப்பது வருடமாகக் கடிதம் எழுதுகிறேன். தெளிவில்லாத கேள்வி வந்தால் ‘விளக்கம் கோரி’த் திருப்பி அனுப்புவதுதான் எங்கள் பிரிவின் முதல் விதி. அன்று ஒருநாள்தான் கோரவில்லை.

7

[இந்தப் பகுதியில் என் பக்க நியாயத்தை எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன்.]

8

இனிமேல்தான் எனக்குக் குழப்பம். கதையில் வரும் தங்கையை எனக்கே நம்ப முடியவில்லை. ஐந்து நட்டையும் ஒருத்தி ஒரே மாதிரி மறந்திருப்பாளா என்று அவளுக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லையா? இன்னொரு தடவை கேட்டிருக்க மாட்டாளா? ‘ரொம்ப நல்லவளாக இருக்கிறாள், கொஞ்சம் கோபம் சேர்க்கவும்’ என்று ஓரத்தில் குறித்து வைத்தேன். பிறகுதான் உறைத்தது. நான் எதையும் இரண்டு தடவை பார்க்கிறவன் என்பதை அவளைப்போல் நம்பியவர் வேறு யாரும் கிடையாது. என்னை நம்பியதால் தன் கையை நம்பாமல் போனாள். இதை ஒரு பாத்திரத்தின் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“இதை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?”

“எழுதிக்கிட்டிருக்கேன்.”

“எழுதறதுக்கு என்னங்க இருக்கு? அடுத்த தெருவுலதானே இருக்கா!”

9

முடிவுகள்.

முதலாவது: போல்ட்டை மாற்றுகிறேன், கார் போகிறது, யாருக்கும் தெரியாது. இதில் எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அவள் மட்டும் இன்னும் இருபது வருடம் ஒவ்வொரு பல்லையும் பக்கத்து மேசைக்குக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருப்பாள்.

இரண்டாவது: சொல்கிறேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்துகிறாள். அதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு. இந்த முடிவை எழுதும்போது என் தங்கை எப்படிக் கோபப்படுவாள் என்றே எனக்கு ஞாபகம் வரவில்லை. அதனால் வசனம் வராமல் நின்றுவிட்டது.

மூன்றாவது: அவளுக்கு அன்றே எல்லாம் தெரியும். அண்ணன் மனம் நோகக் கூடாது என்று பழியைத் தானே ஏற்றுக்கொண்டாள். இதை எழுதும்போது கை பறந்தது. படிக்கிறவர்களுக்கும் பிடிக்கும். எனக்கும் மிகவும் பிடித்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். (ஆனாலும் கட்டைப் பார்த்துக்கொண்டு அவள் சும்மா இருந்த அந்தக் கொஞ்ச நேரம் எதற்கு? தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.)

10

உதிரிபாகக்காரருக்குப் பதில் எழுதி, கையோடு ஆள்மூலம் அனுப்பிவிட்டேன். பொருள் இல்லை, பார்வை இல்லை. “இடப்பக்கம். மூன்று.” என் வாழ்நாளில் இவ்வளவு சின்னக் கடிதம் எழுதியதில்லை.

இன்று வியாழன். சனிக்கிழமைவரை அவகாசம் இருக்கிறது என்று நினைத்துத்தான் முடிவுகளை வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். சற்று முன் மனைவி வந்து சொன்னாள்: “நாளைக்கே வர்றாளாம் உங்க தங்கச்சி. விக்கறதுக்கு முன்னால பெரியம்மாவை ஒருதரம் பாக்கணுமாம். இன்னும் எத்தனை பக்கம் பாக்கி?”

ஷெட்டு மேசையில் மூன்று பொருள்களை வைத்திருக்கிறேன். அவள் கையெழுத்துப் போட வேண்டிய விற்பனைத் தாள். ‘எல்’ வெட்டிய போல்ட். பக்க எண் போட்ட இந்தக் காகிதங்கள். மேலே ஒரு பென்சில்.

வந்ததும் காகிதத்தை எடுத்துப் புரட்டுவாள். இத்தனை நீளமா என்று முகத்தைச் சுளிப்பாள். பிறகு கேட்பாள், “எந்தப் பக்கம்?”

உடனே பதில் சொல்லமாட்டேன். “நீ எதைக் கேக்கறேம்மா?” என்று முதலில் கேட்பேன். ஆறு மாதம் பிந்திவிட்டது, இருந்தாலும் கேட்பேன். அதற்குப் பிறகுதான் ஆறாம் பகுதியைத் திறந்து அவள் முன்னால் வைப்பேன்.

படித்துவிட்டு அவள் என்ன சொன்னாள், எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாள், போட்டாளா என்பதை நான் எழுதப்போவதில்லை. என்னிடம் இனி கேட்கவும் வேண்டாம். கடைசிப் பக்கத்துக்கு எண் மட்டும் போட்டு வெறுமையாக விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தோன்றுவதை அதில் எழுதலாம். ஆனால் மையில் எழுதாதீர்கள், பென்சிலில் எழுதுங்கள்.

அவள் திருத்த வேண்டியிருக்கும்.